காமன் பொட்டலும் பாடசாலை மேடையும்

மாசி பிறந்துவிட்டால் மாத்தளையில் இருவகை முழக்கம் கேட்கத் தொடங்கும். நகரின் நடுவே முத்துமாரியம்மன் ஆலயத்து மகோற்சவத்தில் எழும் நாகசுரமும் தவிலும் ஒன்று. மாசி மகத்தையொட்டி ஐந்து தேர்களும் வீதியில் அசைந்து வரும்போது அவ்விசை உச்சத்தை அடையும். மற்றொன்று நகரத்தவர் செவிக்கு எளிதில் எட்டாதது. இரத்தோட்டை, எல்கடுவை, உக்குவளைப் பக்கத்து மலைத்தோட்டங்களில், இரவு நேரத்தில், லயங்களுக்கு அண்மையிலுள்ள காமன் பொட்டலிலிருந்து எழும் தப்பின் ஒலி அது. தேரைக் காணப் பல்லாயிரவர் கூடுவர். பொட்டலில் கூடுவோர் பெரும்பாலும் அத்தோட்டத்தவரே. எனினும் நம் மாவட்டத்துத் தமிழ்ப் பிள்ளைகளின் பாட்டுக் கல்வியைப் பற்றி எண்ணும்போதெல்லாம் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்த இரண்டாவது ஒலியே.

காமன் கூத்தைக் கண்டிராத வாசகர்களுக்காகச் சிறிது சொல்ல வேண்டும். மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் நாளளவில் பொட்டலிலே கம்பம் ஊன்றுவார்கள். காப்புக் கட்டி விரதம் பூண்டவர்கள் இரதியாகவும் மன்மதனாகவும் வேடம் ஏற்பார்கள். அன்று தொட்டு இரவுதோறும் பாட்டும் ஆட்டமும் நடைபெறும். பௌர்ணமியை ஒட்டி ஒரு முழு இரவு கூத்து நடக்கும். தவத்தில் ஆழ்ந்த சிவனை எழுப்புமாறு தேவர்கள் மன்மதனை ஏவுகிறார்கள். தீக்கனாக் கண்ட இரதி, ‘போக வேண்டாம்’ என்று கணவனைத் தடுக்கிறாள். அவன் கேளாமல் கரும்பு வில்லுடன் செல்கிறான். நெற்றிக்கண்ணின் நெருப்பிலே எரிகிறான். இரதியின் புலம்பல் விடியும்வரை மலையெங்கும் ஒலிக்கிறது. பின்னர் அவனை உயிர்ப்பிக்கும் சடங்கு நடக்கிறது. இடையிடையே தூதன் வருவான், வீரபத்திரன் வருவான், யமன் வருவான், குறவனும் குறத்தியும் வருவார்கள். ஒவ்வொருவர் வருகைக்கும் தப்பின் அடி வேறு. பழகிய செவியுடையவர், கண்ணை மூடியிருந்தாலும் வருவது யாரென்று சொல்லிவிடுவார்.

இத்தனை பாடல்களையும் பிள்ளைகள் எவ்வாறு கற்றார்கள்? எழுதிய சுரம் கிடையாது. சுருதிப் பெட்டி கிடையாது. கூத்து வாத்தியார் ஓரடி பாடுவார். வேடக்காரன் அதைத் திருப்பிப் பாடுவான். பிற்பாட்டுக்காரர்கள் வாங்கிப் பாடுவார்கள். சுற்றியிருந்து பார்க்கும் சிறுவர்கள் ஐந்தாறு மாசிகளில் முழுக் கூத்தையும் மனத்தில் பதித்துக்கொள்வார்கள். வாத்தியாரிடம் மிஞ்சிப் போனால் ஒரு பழைய கொப்பி இருக்கும். அதில் பாட்டின் சொற்கள் இருக்கும்; மெட்டு இராது. மெட்டு அவர் தொண்டையில் இருக்கிறது.

இனி, அதே சிறுவன் காலையில் பாடசாலைக்கு வருகிறான். ஆறாம் வகுப்பிலிருந்து அழகியற் பாடங்களுள் ஒன்றாகக் கர்நாடக சங்கீதத்தை அவன் கற்கலாம். மாயாமாளவகௌளையில் சரளிவரிசை, பின்னர் சண்டவரிசை, அலங்காரம், கீதம். இம்முறை நல்ல முறை. புரந்தரதாசர் வகுத்ததாகப் போற்றப்படுவது. 1931 இல் தோன்றிய வட இலங்கை சங்கீத சபை இதற்குத் தரம் தரமாகப் பரீட்சைகள் நடத்தி, ஊரூராகச் சங்கீத ஆசிரியர்களை உருவாக்கியிருக்கிறது. அந்த வழியில் வந்தவர்களையே நம் பாடசாலைகளும் நம்பியிருக்கின்றன. இதில் குறை காண்பதற்கு ஒன்றுமில்லை. குறை வேறிடத்தில் இருக்கிறது. முந்திய இரவு வரை இரதி புலம்பலை முழுத் தொண்டையில் பிசகாமல் பாடிய பிள்ளை, மறுநாள் வகுப்பில் ‘ச ரி க ம’ பாடத் தடுமாறும்போது, ‘இவனுக்குச் சங்கீதம் வராது’ என்று முடிவு கட்டிவிடுகிறோமே, அங்கேதான் இருக்கிறது.

சங்கீதம் அவனுக்கு ஏற்கெனவே வந்துவிட்டது. நாம் கேட்கும் உருவில் வரவில்லை, அவ்வளவே. மலைநாட்டுத் தாலாட்டும் ஒப்பாரியும் கூத்துப் பாட்டும் இராகமற்றவை அல்ல. ஆனந்தபைரவி, புன்னாகவராளி, நாதநாமக்கிரியை, செஞ்சுருட்டி முதலியவற்றின் சாயல் அவற்றிலே தாராளமாகக் கிடைக்கும். இவற்றுள் நாதநாமக்கிரியை, நாம் முதற்பாடத்தில் சொல்லிக் கொடுக்கும் மாயாமாளவகௌளையின் வழிப் பிறந்தது என்பதை ஆசிரியர்கள் அறிவார்கள். ஆகவே பிள்ளை வீட்டிலிருந்து கொண்டுவரும் ஒரு புலம்பலில் அச்சாயல் இருக்குமானால், அதை முதலில் பாடச் சொல்லி, அதன் சுரங்களைப் பிரித்துக் காட்டி, பின்பு சரளிவரிசைக்குக் கூட்டிச் செல்வது எளிது. தாளமும் அவ்வாறே. கும்மியடிக்கத் தெரிந்த சிறுமிக்குத் திசிர நடை இன்னதென்று நீண்ட விளக்கம் வேண்டியதில்லை. ‘உன் கை தட்டுவதே திசிரம்’ என்று சொன்னால் போதும். தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்று ஆசிரியர் கலாசாலையில் நாமெல்லோரும் படித்த பாடத்தைச் சங்கீத வகுப்பில் மட்டும் ஏனோ தலைகீழாக நடத்துகிறோம்.

குரலைப் பற்றியும் ஒரு வார்த்தை. தோட்டத்துப் பிள்ளைகளின் குரல் திறந்த வெளிக் குரல். ஒலிபெருக்கி இல்லாத பொட்டலில், தப்பையும் மீறிக் கடைசி வரிசையிலிருப்பவனுக்குக் கேட்க வேண்டும் என்பதற்காக வளர்ந்த குரல் அது. நாற்சுவர் வகுப்பறையில் அது கரகரப்பாகத் தோன்றுவது இயல்பே. அதை அடக்கி மெல்லிய குரலாக மாற்ற முனைவதைவிட, மூச்சை அடிவயிற்றிலிருந்து எடுத்துச் சீராக விடப் பழக்கினால் கரகரப்புத் தானே குறையும், வலிமையோ குறையாது. பெண் பிள்ளைகள் ஐந்து, ஐந்தரைக் கட்டையில் தாராளமாகப் பாடுவார்கள். அந்தச் சுருதியிலேயே பதின்மூன்று, பதினான்கு வயது ஆண் பிள்ளைகளையும் நிறுத்தி வைத்துக் கூட்டுப் பாட்டுப் பாடச் செய்வது கொடுமை. குரல் உடையும் பருவத்தில் அவனைக் கத்த வைத்தால் தொண்டையும் கெடும், பாட்டில் உள்ள ஆசையும் கெடும். அந்த ஓராண்டு, ஈராண்டுக் காலத்துக்கு அவன் கையிலே தாளக் கருவி ஒன்றைக் கொடுத்துவிடுவது நல்லது.

எந்தக் கருவி என்னும்போதுதான் சிக்கல் பிறக்கிறது.

மிருதங்கம் எல்லாப் பாடசாலைகளிலும் இல்லை, கற்பிப்பவரும் இல்லை. தப்போ ஏறக்குறைய எல்லாத் தோட்டங்களிலும் இருக்கிறது. ஆனால் அதைப் பாடசாலைக்குள் கொண்டுவரப் பிள்ளைகளே தயங்குகிறார்கள். ஒருமுறை பத்தாம் வகுப்பு மாணவர்களிடம், ‘உங்களில் தப்பு அடிக்கத் தெரிந்தவர் யார்?’ என்று கேட்டேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு ஒரு பையன் மெதுவாக அருகில் வந்து, “எனக்குத் தெரியும் சேர். அப்பாவும் அடிப்பார். ஆனால் அது சாவீட்டு மேளம் சேர், இங்கே வேண்டாம்” என்றான். அவன் கண்ணில் இருந்தது கூச்சம் மட்டுமன்று, அச்சமும்கூட. தன் குடும்பத்தின் சாதியைத் தானே மேடையேறிச் சொல்வதாக ஆகிவிடும் என்ற அச்சம். அதை அவன் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. நம் மாவட்டத்துப் பாடசாலை ஒன்றிலே, கலைவிழா ஒத்திகைக்கு வந்த தப்பை வாயிலிலேயே நிறுத்தி, ‘டோலக்கு வைத்துக்கொள்ளுங்கள்’ என்று சொன்ன நிகழ்ச்சியையும் நான் அறிவேன். பிள்ளைகளிடம் அச்சம் எங்கிருந்து வருகிறது என்று நாம் வெகு தூரம் தேட வேண்டியதில்லை.

சாவீட்டு மேளம் என்பது உண்மைதான்; ஆனால் அரைகுறை உண்மை. முன்னாளில் விடியற்காலை இருளில் தோட்டத்து ஆட்களைப் பெரட்டுக்கு எழுப்பியதும் தப்புத்தான். மாரியம்மன் திருவிழாவில் கரகத்துக்கு முன்னே சென்றதும் அதுவே. காமனைக் கம்பத்துக்கு அழைத்ததும் அதுவே. வாழ்வு முழுவதற்கும் பயன்பட்ட கருவியை, வாழ்வின் இறுதியில் மட்டும் கேட்டதாகக் கூறுவது நீதியாகுமா? வாசிப்பதும் எளிதன்று. வட்டமான மரச் சட்டத்தில் இழுத்துக் கட்டிய தோலை வைக்கோல் நெருப்பிலே காய்ச்சிப் பதம் பார்க்க வேண்டும். சூடு குறைந்தால் நாதம் இறங்கிவிடும், கூடினால் தோல் வெடித்துவிடும். ஒரு கையில் தடித்த குட்டைக் குச்சி, மறு கையில் மெல்லிய நீண்ட குச்சி. இரண்டும் இரு வேறு கணக்கில் நடக்க வேண்டும். இதைச் செய்யும் பதினைந்து வயதுப் பையனுக்குத் தாள ஞானம் இல்லையென்று எந்தப் பரீட்சகரால் கூற முடியும்?

‘கல்விக்கூடத்துக்கும் கூத்துக்கும் என்ன சம்பந்தம்?’ என்று கேட்பவர்கள் நமக்கு அண்மையிலுள்ள பேராதனையை நோக்க வேண்டும். 1956 இல் பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர ‘மனமே’ நாடகத்தை அளித்தபோது, அழிந்துகொண்டிருந்த சிங்கள நாடகம வடிவத்தை அடிப்படையாகக் கொண்டார். அவ்வடிவம் நம் தமிழ்க் கூத்திலிருந்து கிளைத்தது என்பதும் ஆராய்ச்சியாளர் ஒப்புக்கொண்டதே. அதன் பாட்டுகளைப் பேராசிரியர் நூல்களிலிருந்து மட்டும் எடுத்து மாணவர்களுக்குப் புகட்டவில்லை. சார்ள்ஸ் சில்வா குணசிங்க குருன்னான்சே என்ற கிராமத்து நாடகம ஆசானைப் பல்கலைக்கழகத்துக்கு அழைத்து வந்தார். பட்டதாரி மாணவர்கள் அந்த ஆசான் வாயிலிருந்து பாட்டைக் கற்றார்கள். அடுத்த சில ஆண்டுகளில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் அதே வளாகத்தில் தமிழ்க் கூத்துக்கு அப்பணியைச் செய்தார். 1962 இல் ‘கர்ணன் போர்’, பின்னர் ‘நொண்டி நாடகம்’, ‘இராவணேசன்’, ‘வாலிவதை’ என்று மேடையேற்றினார். விடிய விடிய ஆடும் கூத்தைச் சுருக்கினார். வட்டக் களரியில் ஆடியதை ஒருபக்க மேடைக்குக் கொண்டுவந்தார். ஆனால் ஆட்டத்தையும் பாட்டையும் அண்ணாவியாரின் கையிலேயே விட்டார். அவ்வாறு பயின்றவர்களுள் ஒருவரான சி. மௌனகுரு பின்னாளில் பேராசிரியராகிக் கூத்துக் கல்வியில் தலைமுறைகளை உருவாக்கினார். மட்டக்களப்புக் கூத்துக்குக் கிடைத்த அந்தப் பேறு மலைநாட்டுக் கூத்துக்கு அதே அளவில் கிடைக்கவில்லை. பேராதனைக்கும் மாத்தளைக்கும் இடையே ஒரு கண்டிதான் இருக்கிறது. ஆயினும் அந்தக் காற்று இந்த மலை ஏறவில்லை.

சுருக்கி மேடையேற்றுவதென்றால் எதைச் சுருக்குவது? இவ்விடயத்தில் என் கருத்தைத் திட்டமாகவே சொல்லிவிடுகிறேன். காமன் கூத்து வெறும் நாடகம் அன்று, நேர்த்திக் கடன். கம்பம் ஊன்றுவதும் காப்புக் கட்டுவதும் காமனை எரிப்பதும் எழுப்புவதும் பொட்டலுக்கு உரியவை, மாசிக்கு உரியவை. தமிழ்மொழித் தினப் போட்டியில் சில நிமிடங்களுக்குள் அவற்றைச் சிவப்புக் காகிதத்தாலும் மின்விளக்காலும் போலி செய்து காட்டுவது அத்தோட்டத்து முதியவர்களின் மனத்தைப் புண்படுத்தும். நடுவர்களுக்கும் அது வேடிக்கையாகவே தோன்றும். அதே வேளையில், இரதியும் மன்மதனும் தர்க்கிக்கும் பகுதி ஒன்றே போதும், ஒரு முழு நாடகத்துக்கு. கடமை பெரிதா, கனவிலே கண்ட அபாயம் பெரிதா என்று இருவர் பாட்டாகவே வாதாடுகிறார்கள். மேடைப் பொருள் எதுவும் வேண்டாம். கரும்பு வில் ஒன்று போதும். ‘அருச்சுனன் தபசு’ம் அப்படியே. தோட்டத்தில் அருச்சுனன் ஏறும் உயர்ந்த தபசு மரத்தைப் பாடசாலை மண்டபத்தில் நட முடியாது. நாற்காலி மேல் ஏற்றி நிறுத்துவதோ பரிதாபம். ஏறும்போது பாடும் பாட்டை நின்ற இடத்திலிருந்தே பாடட்டும். பார்ப்பவர் மனம் மரத்தைத் தானே நட்டுக்கொள்ளும்.

இரதியாகப் பெண் பிள்ளை நடிக்கலாமா என்ற கேள்வியும் ஒவ்வோராண்டும் எழுகிறது. பொட்டலில் ஆண்களே இரதி வேடம் தாங்கி வந்தார்கள். விரதமும் இரவு ஆட்டமும் அதற்குக் காரணங்களாகச் சொல்லப்படும். பாடசாலை மேடையில் விரதமும் இல்லை, நள்ளிரவும் இல்லை. ஆண்களே பெண் வேடம் தாங்கிவந்த நாடகமவிலிருந்து பிறந்த ‘மனமே’யில் இளவரசியாகப் பெண்ணே நடித்தார், நாடகத்தின் பெருமை அதனாற் குறையவில்லை, பெருகிற்று. தாயிடமும் பாட்டியிடமும் ஒப்பாரி கேட்டு வளர்ந்த பெண் பிள்ளையைவிட இரதியின் புலம்பலை உணர்ந்து பாட வல்லவர் யார்? ஆயினும் ஆடத் தெரிந்த பையன் ஒருவன் இரதியாக நிற்க ஆசைப்பட்டால், அவனைக் கேலி செய்யாமல் விடுவதும் ஆசிரியர் கடமையே.

ஒலிவாங்கி விடயத்தில் மட்டும் சற்றுக் கண்டிப்பு வேண்டும். தப்பை ஒலிவாங்கியின் முன்னே வைத்துவிட்டால் பாட்டு ஒரு சொல்லும் கேளாது. பார்வையாளர் காதைப் பொத்திக்கொண்டு ‘இதற்குத்தான் தப்பு வேண்டாமென்றோம்’ என்பார்கள். தப்புக்கு ஒலிவாங்கியே தேவையில்லை. மேடையின் ஓரத்தில், பாடுவோரைப் பார்த்த வண்ணம், நாலடி தள்ளி நிற்கட்டும். பாட்டின் அடி தொடங்கும்போது விரல் நுனியளவுக்கு அடியைத் தாழ்த்தவும், அடி முடிந்ததும் எழுப்பவும் கற்றுக் கொடுக்க வேண்டும். கூத்து வாத்தியார்கள் இதை ஒரு கண்ணசைவினாலேயே செய்விப்பார்கள்.

அந்த வாத்தியார்கள் இன்று எத்தனை பேர் இருக்கிறார்கள்? 1964 இல் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென முடிவு செய்தபோது ஆட்கணக்குத்தான் பேசப்பட்டது. அவர்களுள் வாத்தியார் எத்தனை பேர், பிற்பாட்டுக்காரர் எத்தனை பேர் என்று எவரும் கணக்கிடவில்லை. ஓரிடத்தில் மன்மதன் கப்பலேறினான்; இரதி இங்கே நின்றுவிட்டான். 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தை அடுத்துத் தோட்டங்களில் பஞ்சம் வந்தது. குடும்பங்கள் பல வன்னிக்கும் நகரங்களுக்கும் சிதறின. அவ்வாறு கலைந்த கூத்துக் குழுக்கள் மீண்டும் கூடவே இல்லை. சி. வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்து நூலாக்கியதும், நம் ஊரவரான மாத்தளை வடிவேலன் மலையகத்தின் பாரம்பரியக் கலைகளைப் பற்றி எழுதியதும் இந்தச் சிதறலின் நடுவே செய்த பெரும் தொண்டுகள். ஆனால் நூலில் நிற்பது சொல். மெட்டைத் தாங்கி நிற்க ஒரு தொண்டை வேண்டும்.

2023 ஆம் ஆண்டு, மலையக மக்கள் இந்நாட்டுக்கு வந்து இருநூறு ஆண்டு நிறைந்ததை நினைவுகூர்ந்து, ஜூலை 28 ஆம் நாள் தலைமன்னாரிற் புறப்பட்ட நடைபயணம் ஆகஸ்ட் 12 ஆம் நாள் மாத்தளையை வந்தடைந்தது. முன்னோர் காட்டு வழியே நடந்து, நோயாலும் பசியாலும் வழிநெடுக மடிந்து, எஞ்சியவர்கள் கால் வைத்த முதல் மலைநகரம் நம் மாத்தளை என்பதை அப்பயணம் எல்லோருக்கும் நினைவூட்டிற்று. அவர்கள் சுமந்து வந்த மூட்டைகளிலே பெரிதாக ஒன்றும் இருந்திராது. பாட்டுக்குத்தான் பாரமில்லையே, அது வந்து சேர்ந்தது. வந்து சேர்ந்த ஊரிலேயே அது பாடசாலை வாயிலில் நிறுத்தப்படுவதென்றால் யார் பொறுப்பது?

ஆகவே கல்லூரி அதிபர்களிடம் நான் கேட்பது பெரிய காரியம் அன்று. ஆண்டுக்கு ஒரு தவணை, வாரத்துக்கு ஒரு பிற்பகல், அருகிலுள்ள தோட்டத்துக் கூத்து வாத்தியார் ஒருவரை அழையுங்கள். வகுப்பறையில் ஆசிரியருக்குரிய நாற்காலியில் அவரை இருத்துங்கள். பின்வாசல் வழியாக வரச் சொல்லாதீர்கள். அன்றைய கூலியை அவர் இழந்து வருகிறார் என்பதை மறவாமல், பஸ் செலவோடு அதையும் கொடுத்துவிடுங்கள். பழைய மாணவர் சங்கங்கள் விளையாட்டுப் போட்டிக்குச் செலவிடுவதில் ஒரு சிறு பங்கே இதற்குப் போதும். சங்கீத ஆசிரியரும் அவ்வகுப்பிலே உடன் இருக்கட்டும். அவர் சுரம் எழுதிக்கொள்வார், இவர் பாடிக் காட்டுவார். இருவருக்கும் ஒருவரிடமிருந்து ஒருவர் பெறுவதற்கு நிறைய உண்டு.

உயர்தர வகுப்பு மாணவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் கைத்தொலைபேசியிலேயே ஒலிப்பதிவுக் கருவி உண்டு. விடுமுறையில் உங்கள் தோட்டத்து வாத்தியாரிடம் சென்று அவருடைய கொப்பியைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டைப் பதிவு செய்யுங்கள். எந்தத் தோட்டம், எந்த நாள், பாடியவர் யாரிடம் கற்றவர் என்பதையும் சேர்த்துக் குறியுங்கள். போகும்போது தனியே போகாதீர்கள், தப்பு அடிக்கத் தெரிந்த ஒருவனைக் கூட்டிச் செல்லுங்கள். எழுபது வயதைக் கடந்த வாத்தியார் ஒருவர், இரதியின் கனாப் பாட்டைச் சொல்லும்படி நாங்கள் கேட்டபோது, இரண்டடிக்கு மேல் நினைவு வராமல் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தார். “சும்மா கேட்டா வராது தம்பி, அதை அடிக்கச் சொல்லுங்க” என்றார். வந்திருந்த பையன் முற்றத்தில் வைக்கோல் கொளுத்தித் தோலைக் காய்ச்சி, இரதி வருகைக்குரிய அடியைத் தொடங்கினான். வாத்தியார் எழுந்து நின்றுகொண்டார். அதன் பிறகு ஒரு மணி நேரம் அவர் எங்கும் நிறுத்தவில்லை.